மூன்று நொடி பொறுங்கள்

மாண்பமை துணைவேந்தர் அவர்களே, இந்த உறுப்புக் கல்லூரியைக் கண்ணும் கருத்துமாகப் பேணிவரும் முதல்வர் அம்மையார் அவர்களே, கல்வியியல் துறைத் தலைவர் அவர்களே, மனையியல் துறைத் தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, பி.எட். மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம். பயிற்சிப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களை முன்வரிசையில் அமர வைத்திருக்கிறீர்கள். அதற்குத் தனியாக ஒரு வணக்கம். தேர்வு நெருங்குகிற நேரத்திலும் தங்கள் வகுப்பறையைப் பயிற்சிக்குத் திறந்துவிடுகிறவர்கள் அவர்கள். துணைவேந்தர் அவர்கள் பட்டமளிப்பு வேலைகளுக்கு இடையில் வந்திருக்கிறார்கள். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி சொல்லிவிட்டு, கடைசியில் அவர்களிடமே ஒரு கோரிக்கையும் வைக்கப் போகிறேன்.

மூன்று செய்திகள் சொல்ல வேண்டும். ஒன்று, நுண்நிலைக் கற்பித்தல், அதாவது ஒரு சிறு பாடத்தைச் சில நிமிடம் நடத்தி, பின்னூட்டம் கேட்டு, மறுபடி நடத்திப் பழகுவது. இரண்டு, குழந்தையை உற்றுநோக்குதல். மூன்று, மனையியல் படித்தவர்களின் வேலைவாய்ப்பு. மூன்றுக்கும் சேர்த்து ஒரே பழமொழி: பதறாத காரியம் சிதறாது.

நுண்நிலைக் கற்பித்தலின் ஒரு சுற்று 36 நிமிடம். கற்பிக்க 6, பின்னூட்டத்துக்கு 6, மறுதிட்டமிட 12, மறுபடி கற்பிக்க 6, மறுபின்னூட்டத்துக்கு 6. இதில் எது பெரிய பங்கு? மறுதிட்டமிடும் அந்த 12 நிமிடம். நடைமுறையில் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். "அடுத்த ஆள் வாங்க" என்று கூப்பிட்டுவிடுகிறோம். பின்னூட்டமும் "நல்லா இருந்தது, குரல் மட்டும் கொஞ்சம் உயரணும்" என்பதோடு முடிந்துவிடுகிறது. இப்படிச் சொன்னால் அந்த மாணவி எதைத் திருத்துவாள்?

வகுப்பில் யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று குறித்துப் பார்க்கும் ஃபிளாண்டர்ஸ் முறை பாடநூலில் இருக்கிறது. அதை எடுத்துக் கையாளுங்கள். ஆசிரியர் பேச்சுக்கு 7 வகை, மாணவர் பேச்சுக்கு 2, அமைதிக்கோ குழப்பத்துக்கோ 1. மொத்தம் 10. மூன்று நொடிக்கு ஒருமுறை, அந்த நேரத்தில் நடப்பதன் எண்ணைக் குறிக்க வேண்டும். ஆறு நிமிடத்துக்கு 120 குறி. பின்வரிசையில் ஒரு தோழி தாளோடு உட்கார்ந்தால் போதும். 120-இல் 100 குறி ஆசிரியர் பக்கம் விழுந்திருந்தால் யாரும் விமர்சிக்கத் தேவையில்லை, தாளே சொல்லிவிடும்.

அந்தப் பத்தாவது வகையான அமைதியைக் கண்டு புதிய ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிகூடப் பொறுப்பதில்லை என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கொண்டு காட்டினார். அதையே மூன்று நொடியாக நீட்டியபோது பிள்ளைகளின் விடை நீண்டது, விடை சொல்லாமல் நிற்பது குறைந்தது, பிள்ளைகளே கேள்வி கேட்பதும் கூடியது. பதறாத காரியம் சிதறாது.

அந்த ஒரு நொடியில் ஆசிரியர் என்ன செய்கிறார்? இங்கேதான் ஒரு குதிரைக் கதை வருகிறது. நடந்த கதை.

பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் என்று ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஹான்ஸ் என்ற தம் குதிரைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். மூன்றும் இரண்டும் எத்தனை என்றால் குதிரை குளம்பால் ஐந்து தட்டும். இன்று தேதி என்ன என்றால் தேதிக்குரிய எண்ணிக்கையைத் தட்டும். ஊரே திரண்டு வந்து பார்த்தது. அவர் காசு வாங்கவில்லை. ஏமாற்று வேலையாக இருக்குமோ என்று ஆராய 1904-இல் 13 பேர் கொண்ட குழு அமைத்தார்கள். உளவியல் பேராசிரியர் கார்ல் ஸ்டும்ஃப் தலைவர். விலங்கியல் பூங்கா இயக்குநரும் சர்க்கஸ் நடத்துபவரும்கூட அதில் இருந்தார்கள். சர்க்கஸ்காரருக்குத் தெரியாத தந்திரமா! அவரும் பார்த்துவிட்டுத் தந்திரம் எதுவும் இல்லை என்றார்.

பிறகு ஸ்டும்ஃபின் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் வந்தார். அவர் பதறவில்லை, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். உரிமையாளர் இல்லாமல் வேறு ஆள் கேட்டாலும் குதிரை சரியாகவே தட்டியது. கேட்பவருக்கே விடை தெரியாதபடி செய்தார், குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவர் கண்ணில் படாதபடி மறைத்தார், குதிரை தடுமாறியது. புதிர் அவிழ்ந்தது. கேட்பவர் கேள்வி முடிந்ததும் குளம்பைப் பார்க்கத் தலையைச் சற்றே குனிகிறார். சரியான எண் வந்ததும் தம்மை அறியாமல் தலை இம்மியளவு நிமிர்கிறது. அந்த நிமிர்வைப் பார்த்துக் குதிரை நிறுத்திவிடுகிறது! எல்லாம் தெரிந்தபின் ஃபுங்ஸ்டே கேட்டு நின்றபோதும் அந்த அசைவை முழுதாக அடக்க அவரால் முடியவில்லை.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். "ஏழா, எட்டா?" என்று கேட்டுவிட்டு எட்டில் புருவத்தை உயர்த்துகிறோம். பிள்ளை "எட்டு" என்கிறது. கணக்கு படித்ததா, முகம் படித்ததா? விடை தவறானால் அதே கேள்வியை மறுபடி கேட்கிறோம். முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது என்று பிள்ளை மாற்றிச் சொல்கிறது. புரிந்துவிட்டது என்று நாம் பாடக்குறிப்பேட்டில் எழுதிவிடுகிறோம்.

குழந்தையை உற்றுநோக்குவதை எங்கே கற்பது? 'குழந்தைப் பருவமும் வளர்ச்சியும்' தாளுக்கு விடை எழுதுவதால் அது வந்துவிடாது. மனையியல் துறையின் ஆய்வக நர்சரிப் பள்ளி அதற்கென்றே பிறந்தது. 1932-இல் தொடங்கிய டெல்லி லேடி இர்வின் கல்லூரியில் மனையியலும் பி.எட். படிப்பும் ஒரே வளாகத்தில் வளர்ந்தன. பரோடா பல்கலைக்கழக மனையியல் புலம் தனக்கென ஆய்வக நர்சரியை வைத்துக்கொண்டது. கோவையில் 1957-இல் தி.சு. அவினாசிலிங்கம் தொடங்கிய மனையியல் கல்லூரி பெண்களுக்கான பல்கலைக்கழகமாக உயர்ந்து, கல்வியியலையும் மனையியலையும் சேர்த்தே நடத்துகிறது. இன்று சில இடங்களில் மனையியலுக்குச் சமுதாய அறிவியல் என்று பெயர். பெயர் எதுவானால் என்ன, நர்சரி மூடப்படக் கூடாது.

அங்கே செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு குழந்தை, 20 நிமிடம், 30 நொடிக்கு ஒரு பதிவு, மொத்தம் 40. தாளை இரண்டாக மடித்து இடப்பக்கம் கண்டதை மட்டும் எழுதுங்கள். "கோபமாக இருந்தான்" என்பது கண்டதல்ல, ஊகம். "பொம்மையைக் கீழே வைத்தான், முதுகைத் திருப்பிக்கொண்டான்" என்பதே கண்டது. ஊகம் வலப்பக்கம் போகட்டும். ஒரே குழந்தையை இருவர் தனித்தனியே பதிந்து ஒப்பிட வேண்டும். 40-இல் 32 ஒத்துப்போனால் 80 விழுக்காடு. அதற்குக் கீழே போனால் பெரும்பாலும் குற்றம் கண்ணில் இல்லை, எதை எதுவென்று குறிப்பது என்ற வரையறை தெளிவாக இல்லாததுதான். ஒருவழிக் கண்ணாடி இருந்தால் பார்வையாளர் அறையில் விளக்கை அணைத்துவிடுங்கள். அங்கே வெளிச்சம் இருந்தால் குழந்தைகளுக்கு உங்களைத் தெரியும், ஆட்டம் நின்றுவிடும். கண்ணாடி இல்லாவிட்டால் முதல் நாள் எதையும் பதியாதீர்கள். சும்மா உட்காருங்கள், பிள்ளைகளுக்கு உங்கள் முகம் பழகட்டும். பதறாத காரியம் சிதறாது.

வேலைவாய்ப்பைப் பற்றிப் பேச நேரம் இல்லை, மன்னிக்க வேண்டும். கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைப்படி பி.எட். படிப்பில் களப்பணி 20 வாரம். அதில் 16 வாரம் பள்ளிக்கு உரியது, அதில் யாரும் கைவைக்க வேண்டாம். மீதி நான்கு வாரம் இருக்கிறது. தான், குழந்தை, சமூகம், பள்ளி என்றுதான் விதிமுறையே களத்தை வகுக்கிறது. அந்தக் குழந்தைக்குரிய இடத்தை நர்சரிக்குக் கொடுங்கள். பி.எட். சேர்க்கையில் ஓர் அலகுக்கு 50 பேர். ஐந்து ஐந்தாக 10 குழு. காலை 9.30-க்கு ஒரு குழு, 10.30-க்கு ஒரு குழு என்று வைத்தால் ஐந்து நாளில் எல்லாரும் ஒருமுறை உட்கார்ந்துவிடுவார்கள். நான்கு வாரத்தில் ஒவ்வொருவரும் ஒரே குழந்தையை நான்குமுறை பார்த்திருப்பார்கள். புதுக் கட்டடம் வேண்டாம், புதுப் பணியிடம் வேண்டாம். இரண்டு துறைத் தலைவர்களும் ஒரே கால அட்டவணையில் கையெழுத்திட வேண்டும். துணைவேந்தர் அவர்கள் அதற்கு ஒப்புதல் தர வேண்டும். அட்டவணையின் இரண்டு படிகளை மேடையிலேயே வைத்திருக்கிறேன்.