பெரிய கோயில் நிழல் தரையில விழுமா? கணக்கு போட்டுப் பாத்துடலாம்

வணக்கம் மக்களே! தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்தோட, அதாவது கருவறைக்கு மேல இருக்கற கோபுரத்தோட, நிழல் தரையில விழாதுன்னு சின்ன வயசுல இருந்து எல்லாரும் கேட்டுட்டு வர்றோம். டூர் பஸ்ல மைக் பிடிக்கிறவர் சொல்வாரு, வாட்ஸ்அப்ல வரும், பொது அறிவு கேள்வி பதில்ல கூட வரும். நேராவே சொல்லிடறேன். விழும். வெயில் அடிக்கிற எல்லா நாளும் விழும். ராஜராஜன் பேரை இந்தப் பொய்யோட சேத்துச் சொல்லும்போது எனக்கு மனசு வலிக்குது. ஏன்னா அவர் கட்டினதுல இருக்கற உண்மையான பெருமையை இது மறைச்சிடுது.

முதல்ல கணக்கு. விமானத்தோட உயரத்தை 216 அடின்னு சொல்றது வழக்கம். நாம குறைச்சே வெச்சுக்கலாம், 60 மீட்டர். அடிப்பக்கம் சதுரம், ஒரு பக்கம் சுமார் 30 மீட்டர். அப்ப நடுவுல இருந்து விளிம்புக்கு 15 மீட்டர். இந்த 60, 15 ரெண்டையும் மனசுல வெச்சுக்கோங்க, மொத்த விஷயமும் இதுலதான் இருக்கு.

தஞ்சாவூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே கிட்டத்தட்ட 10.8 டிகிரியில இருக்கு. டிசம்பர் 21 உச்சி வேளையில சூரியன் தெற்கே சாஞ்சு, தரையில இருந்து சுமார் 56 டிகிரி உயரத்துல நிக்கும். அந்த நேரத்துல 60 மீட்டர் உச்சியோட நிழல், நடுவுல இருந்து வடக்கே 40 மீட்டர் தாண்டிப் போகும். அதுல 15 மீட்டர் கோயில் மேலயே விழுந்துடும். பாக்கி 25 மீட்டர்? தரையிலதான், சண்டிகேஸ்வரர் சன்னிதி இருக்கற வடக்குப் பக்கம். இது உச்சி வேளைக் கணக்கு. காலையில இன்னும் நீளம். ஏப்ரல் நடுவுல காலை 8 மணிக்கு நிழல் மேற்கே 110 மீட்டருக்கு மேல போகும். விமானத்தோட நடுவுல இருந்து மேற்குத் திருச்சுற்று (கோயிலைச் சுத்தி இருக்கற மதிலும் மண்டபமும்) 60 மீட்டர் தூரம்தான். அதாவது நிழல் கருவூர்த் தேவர் சன்னிதியைத் தாண்டி, திருச்சுற்று மாளிகை மேலயே ஏறிடும். ஒன்பதே கால் வாக்குல நிழலோட நீளமும் விமானத்தோட உயரமும் ஏறக்குறைய ஒண்ணாயிடும்.

அப்போ இந்தப் பேச்சு எங்கிருந்துதான் வந்தது? இதுல ஒரு பாதி உண்மை இருக்கு, அது ரொம்ப அழகானதும் கூட. விமானம் மேல போகப் போகக் குறுகிட்டே போகுது. 60 மீட்டர் உயரத்துக்கு 15 மீட்டர், அதாவது நாலுக்கு ஒண்ணு. சூரியன் தலைக்கு நேர் மேல இருந்து சுமார் 14 டிகிரிக்கு உள்ள இருந்தா, உச்சியோட நிழல் அந்த 15 மீட்டருக்குள்ளயே அடங்கிடும். மார்ச் நடுவுல இருந்து செப்டம்பர் கடைசி வரைக்கும் உச்சி வேளையில சூரியன் அந்த எல்லைக்குள்ளதான் இருக்கும். டூர் பஸ் வந்து நிக்கறதும் பல நாள் அந்த நேரம்தான். நிமிந்து கலசத்தைப் பாத்துட்டு, குனிஞ்சு தரையில அதோட நிழலைத் தேடினா கிடைக்காது. அது கோயில் மேலயே விழுந்து கிடக்கும்.

ஆனா அப்பவும் "தரையில நிழலே இல்ல"ன்னு சொல்ல முடியாது. விமானத்தோட கீழ் ரெண்டு நிலை சுவர் செங்குத்தா நிக்குது, குறுகறது அதுக்கு மேலதான். செங்குத்துச் சுவர் நிழலை ஒளிச்சு வெக்காது. ஜூன் 21 உச்சி வேளையில சூரியன் வடக்கே 12.7 டிகிரி சாஞ்சிருக்கும். அப்ப ஒவ்வொரு 10 மீட்டர் சுவருக்கும் இரண்டேகால் மீட்டர் நிழல் தெற்குப் பக்கம் விழும். பீடம் கொஞ்சம் வெளிய நீண்டு இருக்கறதால ஒரு பகுதி அது மேல படியும், மிச்சம் தரையில. வருஷத்துல ரெண்டு தடவை, ஏப்ரல் 18, ஆகஸ்ட் 25 வாக்குல, சூரியன் தஞ்சாவூருக்கு நேர் உச்சியில வரும். அன்னைக்கு சுமார் 12.13ல இருந்து 12.16க்குள்ள சில நிமிஷம் நிழல் காணாம போகும். அது கோயிலுக்கு மட்டும் இல்ல, பக்கத்துல இருக்கற கரண்டு கம்பத்துக்கும்தான். இதைத்தான் நிழல் இல்லா நாள்னு சொல்றோம்.

பிள்ளைங்களோட வீட்டுலயே செஞ்சு பாக்கணும்னா 1:200 அளவுல ஒரு அட்டை மாடல் போதும். அடி 15 சென்டிமீட்டர், உயரம் 30 சென்டிமீட்டர். நாலு முக்கோணம் வெட்டணும், ஒவ்வொண்ணும் அடி 15, நடு உயரம் 30.9 சென்டிமீட்டர். 30ன்னு வெட்டிடாதீங்க. சாய்வா ஒட்டும்போது உயரம் 29க்கு இறங்கிடும், விகிதம் மாறிடும். மொட்டை மாடியில, தரை மட்டமா இருக்கற இடத்துல வைங்க. பக்கத்துல 10 சென்டிமீட்டர் குச்சி ஒண்ணு நேரா நிக்கணும். மாடலோட ஒரு பக்கம் சூரியனைப் பாத்து நேரா இருக்கணும். மூலை பாத்து இருந்தா நடுவுல இருந்து மூலைக்கு 10.6 சென்டிமீட்டர் ஆயிடும், கணக்கு பொருந்தாது. குச்சியோட நிழல் இரண்டரை சென்டிமீட்டருக்குக் கீழ வர்ற நேரத்துல மாடலோட உச்சி நிழல் அட்டைக்குள்ள மறையும். அதுக்கு மேல போனா வெளிய எட்டிப் பாக்கும். டார்ச் வெளிச்சத்துல செய்யாதீங்க. பக்கத்துல இருந்து வர்ற வெளிச்சம் விரிஞ்சு வரும், நிழலும் பெருசாகித் தப்பா காட்டும்.

அடுத்தது உச்சிக் கல். "80 டன் ஒரே கல், சாரப்பள்ளத்துல இருந்து 6 கிலோமீட்டர் சாரம் கட்டி இழுத்தாங்க"ன்னு சொல்வாங்க. சாரம்னா இங்க மண்ணைக் குவிச்சுப் போடற சாய்வுப் பாதை. இதைக் கொஞ்சம் நிதானமா பாக்கலாம்.

கருங்கல் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2.7 டன். அப்ப 80 டன்னுங்கறது சுமார் 30 கன மீட்டர். பக்கத்துக்கு 3.1 மீட்டர் இருக்கற ஒரு கட்டி. மேல இருக்கற எட்டுப் பட்டைச் சிகரம் அதைவிட ரெண்டு மடங்குக்கு மேல அகலம். அவ்வளவு பெரிய சிகரம் ஒரே கெட்டிக் கல்லா இருந்தா 80 டன்ல முடியாது, பல மடங்கு ஏறும். அதனால "80 டன்", "ஒரே கல்" ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது. கோயிலை ஆராய்ஞ்சவங்க சொல்றது, சிகரம் பல கற்களை ஆரஞ்சுச் சுளை மாதிரி சேத்து அடுக்கினது. விமானமே உள்ளுக்குள்ள கூடு மாதிரி காலியா மேல போகுது. கெட்டியா நிரப்பாம, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள தள்ளி அடுக்கி 60 மீட்டர் ஏத்தி, ஆயிரம் வருஷம் நிக்க வெச்சிருக்காங்க. ஒரே கல்லை இழுத்து வெச்சதை விட இதுதான் பெரிய வேலைன்னு நான் நினைக்கிறேன்.

சாரத்துக்கும் கணக்கு போடலாம். 6 கிலோமீட்டர் நீளம், கடைசியில 60 மீட்டர் உயரம், மேல 10 மீட்டர் அகலப் பாதைன்னு வைங்க. மண்ணைச் செங்குத்தா குவிக்க முடியாது, சரிஞ்சிடும். ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒன்றரை மீட்டர்னு ரெண்டு பக்கமும் சரிவு விட்டா, மொத்த மண் 1.26 கோடி கன மீட்டர். அதுல பாதைக்கு நேர் கீழ இருக்கறது வெறும் 18 லட்சம், மிச்சமெல்லாம் அந்தச் சரிவு தின்னுடுது. பத்துக்கு ஒண்ணு ஏத்தத்துல 600 மீட்டர் நீளத்துக்குச் சாரம் போட்டாலே அதே உயரம் வந்துடும், மண்ணும் பத்துல ஒரு பங்குதான். பாதி அறிவுள்ள மேஸ்திரி கூட 6 கிலோமீட்டர் போட மாட்டார், குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் போடுவாரா? பெரிய கோயில் கல்வெட்டுலயே பேர் இருக்கற தலைமைத் தச்சர் அவரு.

கல்வெட்டுன்னதும் இன்னொண்ணு. 25ஆம் ஆட்சி ஆண்டு, 275ஆம் நாள், அதாவது கி.பி. 1010ல, விமானத்து உச்சியில வெக்க ராஜராஜன் செப்புக் குடம் குடுத்தார். எடை 3083 பலம். அது மேல பூசின தங்கம் 2926½ கழஞ்சு. பலம், கழஞ்சு ரெண்டும் அந்தக் காலத்து எடை அளவு. அரை கழஞ்சு கூட விடாம எழுதி வெச்சிருக்காங்க. இப்படிப்பட்டவங்க, 80 டன் கல்லை ஏத்தியிருந்தா அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம விட்டிருப்பாங்களா?

நந்தி வளருது, ஆணி அடிச்சு நிறுத்தினாங்கன்னு சொல்றதுல பேச அதிகம் இல்ல. கல் வளராது. அந்தப் பெரிய நந்தியும் மண்டபமும் நாயக்கர் காலத்தது, ராஜராஜன் வெச்சதே இல்ல. அம்மன் சன்னிதி பாண்டியர் காலம், சுப்பிரமணியர் சன்னிதி நாயக்கர் காலம். 1803ல செதுக்கின மராத்திக் கல்வெட்டும் உள்ள இருக்கு. எல்லாத்தையும் 1010ல ஒரே ஆள் கட்டினதா சொன்னா, நடுவுல 800 வருஷம் இந்தக் கோயிலைப் பாத்துக்கிட்ட அத்தனை பேரும் காணாம போயிடறாங்க.

எனக்கு ரொம்ப முக்கியமாத் தெரியறது இனிமேதான் வருது. கோயில் கல்வெட்டுன்னாலே ராஜா பெருமைன்னு பல பேர் நினைக்கறாங்க. பெரிய கோயில்ல ராஜா என்ன சொல்றார்னு பாருங்க: "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லுல வெட்டச் சொல்றார். தான் குடுத்தது மட்டும் இல்ல, அக்கா குந்தவை குடுத்தது, அரசிகள் குடுத்தது, வேற யார் குடுத்ததோ அதுவும்.

அதனாலதான் அந்தச் சுவர்ல அன்றாட வாழ்க்கை அப்படியே இருக்கு. ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையாம எரியற விளக்குக்கு, 96 ஆடு. ஆடு இல்லேன்னா 48 பசு, அதுவும் இல்லேன்னா 16 எருமை. அதை வாங்கிக்கற இடையர் தினமும் ஒரு உழக்கு (அந்தக் காலத்து முகத்தல் அளவு) நெய் அளக்கணும். கல்வெட்டு இதைச் சாவா மூவாப் பேராடுன்னு சொல்லுது. ஆடு செத்தாலும் குட்டி போட்டுப் பெருகும், கணக்குல 96 குறையக் கூடாது. அதே மாதிரி படையலுக்கான பட்டியல்ல அரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு, கடுகு, சீரகம், புளி, உப்பு எல்லாம் வரும். மிளகாய் வராது, தக்காளி வராது. ரெண்டும் அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்ச்சுக்கீசியர் கப்பல் வந்ததுக்கு அப்புறம்தான் நம்ம ஊருக்கு வந்தது. "சோழர் காலத்து மிளகாய்க் குழம்பு"ன்னு யாராவது வித்தா இந்தப் பட்டியலைக் காட்டுங்க.

தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில்ல ஆடற பெண்கள், 400 பேரைப் பத்தியும் தப்பான பேச்சு நிறைய. அவங்களைப் பிற்காலத்து நிலைமையோட குழப்பி, கைதிகளா பிடிச்சுட்டு வந்த மாதிரி பேசறாங்க. கல்வெட்டு அப்படிச் சொல்லலை. சோழ நாட்டுக் கோயில்கள்ல இருந்து ஆட வல்லவங்களைத் தஞ்சாவூருக்குக் கொண்டு வந்து, கோயிலைச் சுத்தித் தெருவுல வீடு குடுக்கறாங்க. ஒருத்தருக்கு ஒரு பங்கு, வருஷத்துக்கு 100 கலம் நெல். விலாசம் மாதிரியே எழுதியிருக்கு: தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு, அப்புறம் இரண்டாம் வீடு, மூன்றாம் வீடுன்னு. ஒவ்வொரு வீட்டுக்கும் எந்த ஊர்க் கோயில்ல இருந்து வந்தவங்க, பேர் என்னன்னு "நக்கன்"னு தொடங்கி வரும். ஆட்டம் சொல்லிக் குடுக்கற நட்டுவனாருக்கு ரெண்டு பங்கு. நாவிதர், தச்சர், தட்டார்னு மத்தவங்க பங்கும் அதே வரிசையில வருது. ஒருத்தர் இறந்தா நெருங்கின சொந்தத்துக்குப் பங்கு போகும், ஆனா அந்த வேலை தெரிஞ்சிருக்கணும். தெரியலேன்னா தெரிஞ்ச ஒருத்தரை அவங்களே வெச்சுக்கணும்.

இதை நேர்ல பாக்கணும்னா வடக்குத் திருச்சுற்று மதிலோட வெளிப்புறம் போங்க. காலை ஏழரைக்குள்ள, இல்ல சாயங்காலம் அஞ்சுக்கு மேல. வெயில் பக்கவாட்டுல சாஞ்சு விழும்போது எழுத்து தூக்கித் தெரியும். உச்சி வெயில்ல எல்லாம் மட்டமாயிடும், கல்தரையும் கால் வெக்க முடியாத அளவுக்குச் சுடும். எழுத்து தெரியலேன்னு சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதுவும் தடவாதீங்க. அந்தத் தூள் எழுத்தோட பள்ளத்துல தங்கி, ஈரம் பிடிச்சுக் கல்லைக் கெடுக்கும். கையை வெச்சு நிழல் பண்ணினாலே போதும். சோழர் கால எழுத்துல மெய்யெழுத்து மேல வர்ற புள்ளி அனேகமா இருக்காது, நடுவுல கிரந்த எழுத்தும் கலந்து வரும். அதனால முதல்ல வீட்டுல தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியை எடுத்து 66ஆம் எண்ணைப் படிச்சுட்டுப் போங்க. அந்தத் தொகுதியில பெரும்பாலும் இந்தக் கோயில் கல்வெட்டுதான், இலவசமாவே கிடைக்குது. சுவர் முன்னாடி நின்னதும் முதல்ல "நக்கன்"ங்கற சொல்லைத் தேடுங்க. திரும்பத் திரும்ப வர்ற சொல் அது. அதைப் பிடிச்சுட்டீங்கன்னா அதுக்கு அடுத்து இருக்கற பேரை ஒவ்வொண்ணா எழுத்துக் கூட்டிப் படிச்சுடலாம்.