கடைசிப் பொத்தான்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். ஆக்குபேஷனல் தெரபி என்ற துறையைத் தமிழில் செயல்முறைச் சிகிச்சை என்றும், தொழில்வழிச் சிகிச்சை என்றும் வழங்குகிறோம். இரண்டாவது பெயரைக் கேட்டதும், "ஐந்து வயதுக் குழந்தைக்கு என்ன தொழில்?" என்று வியக்காத பெற்றோரை நான் அதிகம் கண்டதில்லை. பல் துலக்குவதும், சட்டை போடுவதும், தன் கையால் உண்பதும், பள்ளியில் எழுதுவதும், எல்லாவற்றையும் விட விளையாடுவதுமே குழந்தையின் தொழில். அவற்றில் எது, எந்த இடத்தில் தடைப்படுகிறது என்று கண்டறிந்து வழிசெய்வதே எங்கள் வேலை.

கையெழுத்து சரியில்லை என்று ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை அவனுடைய அம்மா என்னிடம் அழைத்து வந்தார். சட்டையைக் கழற்றி மீண்டும் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அவன் கைகளை நுழைத்தான். பிறகு இரு கைகளையும் தொங்கவிட்டு, முகவாயை உயர்த்தியபடி அசையாமல் நின்றான். யாரோ வந்து பொத்தான் போட்டுவிடுவதற்காகக் காத்திருந்த நிலை அது. அவசரமான காலை வேளைகளில் பல ஆண்டுகளாக அப்படியே நின்று பழகியிருந்தான்.

பொத்தான் போடுவது எளிய செயல் என்று நாம் நினைக்கிறோம். ஒரு கை துளையின் ஓரத்தை விறைப்பாகப் பிடித்திருக்க, மறு கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பொத்தானைச் சாய்த்துத் துளைக்குள் தள்ள வேண்டும். பாதி நுழைந்ததும் இரு கைகளும் வேலையை மாற்றிக்கொள்கின்றன: துணியைப் பிடித்திருந்த கை பொத்தானைப் பற்றி இழுக்கிறது, பொத்தானைத் தள்ளிய கை துணியைப் பிடிக்கிறது. இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் நீங்கள் கண்களை மூடிக்கொண்டு கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பாருங்கள். விரல் நேராக அங்கே செல்கிறதல்லவா? தசைகளிலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் மூளைக்கு வரும் உடல்நிலை உணர்வு அது. அது தெளிவாக வராத குழந்தைக்கு, கண்ணால் பார்க்க முடியாத கழுத்துப் பொத்தான்தான் மிகக் கடினம்.

ஆகவே கண்ணுக்குத் தெரியும் அடிப்பொத்தானில் தொடங்கினோம். மற்ற எல்லாவற்றையும் நான் போட்டு, கடைசிப் பொத்தானையும் பாதி நுழைத்துவிட்டு, அதை இழுக்கும் வேலையை மட்டும் அவனிடம் விட்டேன். வேலையை முடித்தவன் அவனே ஆனான். இதைப் பின்னிருந்து முன்னாகக் கற்பித்தல் என்கிறோம். ஒவ்வொரு கட்டமாகப் பின்னோக்கி அவனுடைய பங்கைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். சில வாரங்கள் கழித்து ஒருநாள் எல்லாப் பொத்தான்களையும் ஒரு துளை தள்ளிப் போட்டுவிட்டான்; சட்டை ஒருபுறம் ஏறிக் கோணலாக நின்றது. அம்மாவின் கை தானாக நீண்டது. நான் எதுவும் சொல்லவில்லை. அவரே கையை மடக்கிக்கொண்டார். அவன் கண்ணாடியைப் பார்த்தான், கீழே குனிந்து பார்த்தான், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்கினான். அந்தக் கை மடங்கியதுதான் அன்றைய சிகிச்சை என்று இன்றும் நினைக்கிறேன்.

அச்சிறுவனுக்கு இருந்தது வளர்ச்சிசார் இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு, அதாவது உடல் அசைவுகளை ஒருங்கிணைத்துச் செய்யும் திறன் வயதுக்கேற்ப அமையாத நிலை. பள்ளி வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து, ஆறு பேரிடம் இது காணப்படுகிறது. சோம்பல், கவனக்குறைவு, பிடிவாதம் என்று பெயர் வாங்கும் பிள்ளைகளில் பலர் இவர்களே. மீண்டும் சொல்கிறேன், இது சோம்பல் அன்று. புலனுணர்வுகளை மூளை ஒருங்கிணைக்கும் விதத்துக்கும் கற்றலுக்கும் உள்ள தொடர்பை 1972-இல் வெளிவந்த நூலில் விரிவாக எடுத்துரைத்த அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஜீன் அயர்ஸ், இத்தகைய குழந்தைகளை உற்று நோக்கும் கண்ணை எங்களுக்குத் தந்தார். ஆயினும் இக்குறைபாட்டைப் பொறுத்தவரை, எந்தச் செயல் வேண்டுமோ அந்தச் செயலையே பயிற்றுவிப்பதைத்தான் இன்றைய சர்வதேச வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. பந்தை அழுத்திக்கொண்டே இருந்தால் கையெழுத்து திருந்திவிடும் என்று காத்திருக்க வேண்டாம். எழுத்து திருந்த எழுதத்தான் வேண்டும். அதற்கு முன் நாற்காலியில் அமர்ந்த குழந்தையின் பாதம் தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொடவில்லையென்றால் காலுக்கடியில் ஒரு பலகையை வையுங்கள். உடல் நிலைகொள்ளாமல் விரல் நிலைகொள்ளாது.

இளையோரைப் பற்றி நிறையச் சொல்ல எண்ணியிருந்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரம் முடியப்போவதாகச் சைகை வருகிறது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பதின்ம வயதினரிடம் இலக்கைக் கேட்க வேண்டியது அவர்களிடமே, பெற்றோரிடம் அன்று. தனியாகப் பேருந்தில் செல்வது, முகச்சவரம் செய்துகொள்வது, மாதவிடாய் நாட்களில் பிறர் உதவியின்றித் தன்னைப் பார்த்துக்கொள்வது என்று அவர்களுடைய பட்டியல் நாம் எழுதும் பட்டியலாக இருப்பதில்லை. ஒரு கை வலுவிழந்த பதினாறு வயதுப் பெண்ணின் வீட்டார் தேர்வில் வேகமாக எழுதும் பயிற்சி வேண்டும் என்றார்கள். அவளைத் தனியே கேட்டேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, தன் தலைமுடியைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும் என்றாள். அன்றே ஒரு சீப்பையும் முடிவளையத்தையும் எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் உட்கார்ந்தோம்.