சாம்பார் சட்டிக்கு எதுக்குய்யா டிக்கெட்?

நடுவர் அவர்களுக்கும், மாட்டுங்கா, தாராவி, செம்பூர், முலுண்ட்னு நாலா பக்கமும் இருந்து ரயில் பிடிச்சு வந்திருக்கிற உங்களுக்கும் வணக்கம்.

இந்தி சினிமாவுல நெஞ்சுல நிக்கிறது பிரம்மாண்டமா, அன்றாட வாழ்க்கையா? இதுதான் தலைப்பு. அன்றாட வாழ்க்கைதான்னு பேச வந்திருக்கேன். ஆறு பாயின்ட் எழுதிட்டு வந்தேன். ஆனா எதிரணித் தலைவர் போற போக்குல ஒண்ணு சொன்னார் பாருங்க: "வீட்டுல தினமும் பாக்குற சாம்பார் சட்டியைத் திரையில பாக்க எதுக்குய்யா டிக்கெட்?" கூரை அதிர நீங்க கை தட்டுனீங்க. அந்த ஆறு பாயின்ட்டையும் மடிச்சுப் பையில வெச்சுட்டேன். சட்டிக்குப் பதில் சொல்லாம இந்த மேடையை விட்டு இறங்கறதா இல்லை.

தினமும் பாக்குறோம்னு சொல்றாரே, நெசமா பாக்குறோமா? இதே மும்பையில, டப்பாவாலாக்கள் கொண்டு வந்து தர்ற சாப்பாட்டு டப்பாவை ஆபீஸ்ல வாங்கிச் சாப்பிடுறவங்க எத்தனையோ பேர் இங்க இருக்கீங்க. கேக்குறேன், சொல்லுங்க: உங்க டப்பா மூடி மேல பெயின்ட்ல என்ன எழுதியிருக்கு? தினமும் அதைத் திறந்துதானே சாப்பிடுறீங்க? ஒரு கை கூடத் தூக்கக் காணோம்.

நான் சொல்றேன். எந்த ஸ்டேஷன்ல ஏறுது, எந்த ஸ்டேஷன்ல இறங்குது, அங்க எந்த ஆள் எடுக்கணும், எந்தக் கட்டடம், எத்தனாவது மாடி, அவ்வளவும் அந்தச் சின்ன மூடிக்குள்ள நாலஞ்சு எழுத்து, எண்ணு, கலர்ல இருக்கு. முகவரி கிடையாது, பேர் கிடையாது. காலையில 9 மணிவாக்குல டப்பாவாலா ஒருத்தர் வீட்டு வாசல்ல வாங்குறார். சைக்கிள்ல மாட்டி ஸ்டேஷனுக்குக் கொண்டு போறார். ஸ்டேஷன் வாசல்லயே தரையில பரப்பி, போற இடம் பாத்துப் பிரிக்கிறாங்க. நீளமான மரத்தட்டுல அடுக்கி, தலையில தூக்கி, லக்கேஜ் பெட்டியில ஏத்துறாங்க. வண்டி நிக்கிறது ஒரு நிமிஷம் கூட இருக்காது. இறங்கின இடத்துல மறுபடி பிரிப்பு, மறுபடி சைக்கிள், தள்ளுவண்டி. மதியம் 1 மணிக்குள்ள உங்க மேசையில இருக்கு. சாப்பிட்டு முடிச்சதும் அதே டப்பா அதே வழியில வீட்டுக்குத் திரும்புது. போக மட்டும் மூணு, நாலு கை மாறும். புனே பக்கத்து ஜுன்னர், மாவள், ராஜ்குருநகர்க் கிராமங்கள்லேர்ந்து வந்தவங்க, 1890 வாக்குல ஆரம்பிச்சு இன்னிவரைக்கும் இதைச் செய்றாங்க.

தப்பு எங்க வரும்னா, வீட்டுலதான் வரும். குழம்பு கொதிக்கலைன்னு வாசல்ல அஞ்சு நிமிஷம் நிக்க வெச்சா, அவர் ரயிலை விடுவார். அவரோட சேந்து அந்தக் குழுவோட டப்பா அத்தனையும் தாமதமாகும். தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவி பெயின்ட் அழிஞ்சு போகும். புதுப் பை வாங்கிப் போடுவோம், பழைய பையிலதான் குறி இருந்துச்சுங்கறதையே மறந்துடுவோம். இவ்வளவும் நம்ம வீட்டு வாசல்ல தினமும் நடக்குது. இதை நாம எப்ப நின்னு பாத்தோம்? 2013ல ரித்தேஷ் பத்ரா 'த லஞ்ச்பாக்ஸ்' படத்துல காட்டின அன்னிக்குப் பாத்தோம்!

அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமா சொல்லணும், நடுவர் அவர்களே. மணியை இப்போதைக்குக் கீழ வெச்சிருங்க.

இலான்னு ஒரு பொண்ணு. புருஷன் முகம் கொடுத்துப் பேசுறதில்லை. ருசியா ஆக்கிப் போட்டாலாவது திரும்பிப் பாப்பானான்னு, மேல் மாடி தேஷ்பாண்டே ஆன்ட்டிகிட்டக் கைப்பக்குவம் கேட்டுக் கேட்டுச் சமைக்கிறா. ஜன்னல் வழியா ஒரு கூடை கயித்துல இறங்கும், ஏறும். டப்பா போயிடுச்சு. சாயங்காலம் திரும்பி வருது. திறக்கிறா. நக்கித் துடைச்ச மாதிரி காலி! அவளுக்குக் கால் தரையில நிக்கலை. ராத்திரி புருஷன் வந்ததும் ஆசையா கேக்குறா, சாப்பாடு எப்படி இருந்துச்சுன்னு. அவன் சொல்றான்: "ம்... நல்லாயிருந்துச்சு. உருளைக்கிழங்கு காலிஃப்ளவர் நல்லாயிருந்துச்சு."

அம்மா, அவ காலிஃப்ளவரே சமைக்கலை!

கொஞ்சம் பொறுங்க, இதையே புருஷன் பக்கம் இருந்து பாருங்க. ஆபீஸ்ல டப்பா வருது, திறக்கிறான், காலிஃப்ளவர். சாப்பிடுறான். இது நம்ம வீட்டுக் கை இல்லையேன்னு ஒரு வாய்க்காவது தோணணுமா இல்லையா? கட்டின பொண்டாட்டி கையால இத்தனை வருஷம் சாப்பிட்ட நாக்குக்கு, கடைச் சாப்பாட்டுக்கும் அவ சமையலுக்கும் வித்தியாசம் தெரியலை. வசனம் இல்லை, கண்ணீர் இல்லை, வாசல்ல நின்னு சத்தியம் பண்றது இல்லை. ஒரு காலிஃப்ளவர்! அந்தக் கல்யாணம் எந்த நிலைமையில கெடக்குதுன்னு முழுசா சொல்லி முடிச்சிருச்சு.

மூணாவது பக்கமும் இருக்கு. அவ டப்பா மாறிப் போய்ச் சேந்தது ஒரு பெரியவர்கிட்ட. இர்ஃபான் கான். 35 வருஷம் ஒரே ஆபீஸ்ல க்ளெய்ம்ஸ் பிரிவு, மனைவி இல்லை, ஓய்வு பெறப் போறார். அவர் மாசக் கணக்குல டப்பா வாங்குறது ஒரு ஹோட்டல்ல. அன்னிக்குச் சாப்பிட்டுட்டு, சாயங்காலம் அந்த ஹோட்டலுக்கே போய், இன்னிக்குச் சாப்பாடு ரொம்ப நல்லாயிருந்துச்சுன்னு சொல்றார். ஹோட்டல்காரருக்குத் தலைகால் புரியலை. அங்க ஒருத்தன் வாயில காலிஃப்ளவர், இங்க ஒரு ஹோட்டல்காரருக்குச் செய்யாத சமையலுக்குப் பாராட்டு!

மறுநாள் இலா டப்பாவுக்குள்ள ஒரு சீட்டு வெச்சு அனுப்புறா, காலி டப்பா அனுப்பினதுக்கு நன்றின்னு. ஆறாப் பெருகுற பதில் வரும்னு நினைப்போம். வந்த பதில் ஒரே வரி: இன்னிக்கு உப்பு அதிகம். அடுத்த நாள் ஆன்ட்டி யோசனைப்படி காரம் ஏறுது. அவரும் காரத்துக்கு வாழைப்பழத்தைச் சாப்பிட்டுச் சமாளிக்கிறார். உப்பு, மிளகாய், வாழைப்பழம், இதுல ஒரு உறவு வளருது, நடுவர் அவர்களே.

இப்ப எதிரணி கேக்கும்: 'ஷோலே'க்கு என்ன சொல்றேன்னு. 1975ல வந்துச்சு, இதே மும்பை மினர்வா தியேட்டர்ல 5 வருஷம் ஓடுச்சு. ஒத்துக்கறேன். அதே 1975ல, அதே தர்மேந்திரா, அதே அமிதாப், அதே ஜெயா பாதுரி, ரிஷிகேஷ் முகர்ஜியோட 'சுப்கே சுப்கே'யில நடிச்சாங்களே! குதிரை இல்லை, குண்டு இல்லை. தாவரவியல் பேராசிரியர் டிரைவர் வேஷம் போட்டுச் சுத்தத் தமிழ் மாதிரி சுத்த இந்தி பேசி, பொண்டாட்டியோட அக்கா புருஷனைத் திணறடிக்கிறார். இன்னிக்கும் வீட்டோட உக்காந்து சிரிக்கிறாங்க. 'ஷோலே'யிலயே, நண்பனுக்குப் பொண்ணு கேக்க மௌசிகிட்ட, அதான் பொண்ணோட சித்திகிட்டப் போற காட்சியை நினைச்சுப் பாருங்க. குடிக்கிறதையும் சூதாடுறதையும் நல்ல குணம் மாதிரி ஒவ்வொண்ணா அவுத்து விடுவாரே அமிதாப்! அது பொண்ணு பாக்கப் போற வீட்டுத் திண்ணை. பிரம்மாண்டத்தோட வயித்துக்குள்ள இருக்கிற அன்றாடம்.

'கோல்மால்' 1979. வேலை போகாம இருக்க ஒரு ஒட்டு மீசை. அதைத்தானே பாலசந்தர் 1981ல 'தில்லு முல்லு'ன்னு நம்ம ரஜினிக்குக் கொடுத்தார்? 1972ல பாசு சட்டர்ஜியோட 'பியா கா கர்'. சால்னு சொல்ற வரிசை வீட்டுல கல்யாணமாகி வர்ற பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் படுக்க இடம் சமையலறை. இந்த ஊருல பத்துக்குப் பத்து அறையில குடும்பம் நடத்தினவங்களுக்கு அதுக்கு விளக்கம் வேண்டாம். விடியறதுக்குள்ள எழுந்து பாயைச் சுருட்டணும், அடுப்புக்கு ஆள் வந்துடும்.

2012ல 'இங்கிலீஷ் விங்கிலீஷ்'. சிவகாசிப் பக்கத்து மீனம்பட்டியில பிறந்த ஸ்ரீதேவி. கல்யாணத்துக்குப் பிடிச்சு வெச்ச லட்டு அத்தனையும் பையன் பண்ணின குறும்புல தரையில. அன்னிக்குத்தான் அவளோட இங்கிலீஷ் பரீட்சை. லட்டு பிடிச்ச கைக்குத் தெரியும், சூடு இருக்கும்போதே பிடிக்கணும், ஆறினா உதிரும். பரீட்சைக்கும் போய் லட்டும் பிடிக்க நேரம் கிடையாது. அவ பரீட்சையை விட்டுட்டு மறுபடி லட்டு பிடிக்க உக்காந்தா பாருங்க. எந்த அரண்மனை செட் இடிஞ்சு விழுந்தாலும் நமக்கு அப்படி வலிக்கலை. இன்னிக்கு அந்த ஸ்ரீதேவியும் இல்லை. டப்பா திறந்து முகர்ந்து பாத்த அந்த இர்ஃபானும் இல்லை.

மறுபடி அந்த மேல் மாடிக்குப் போறேன். தேஷ்பாண்டே ஆன்ட்டி முகத்தைப் படம் முழுக்கக் காட்ட மாட்டாங்க. குரல் மட்டும்தான். அவங்க புருஷன் வருஷக்கணக்கா படுத்த படுக்கை. நாள் பூரா மேல ஓடுற ஃபேனையே பாத்துட்டிருப்பார். ஃபேன் நின்னா அவரும் நின்னுடுவாரோன்னு ஆன்ட்டிக்கு பயம். அதனால தூசி துடைக்கக் கூட நிறுத்த மாட்டாங்க. ஓடுற ஃபேனை, ஓடும்போதே துடைக்கிறாங்க! அதை நாம கண்ணால பாக்கலை, கேட்டதுதான். ஆனா அதைக் கேட்ட யாரும் வீட்டு ஃபேனைப் பழைய மாதிரி பாக்க முடியாது. இந்த அரங்கத்துலயே, படுத்துக் கெடக்குற ஒருத்தருக்குக் கஞ்சி கரைச்சு வெச்சுட்டு, பக்கத்து வீட்டுல சொல்லிட்டு, ரெண்டு மணி நேரத்துக்கு மட்டும் வந்திருக்கிற அம்மா ஒருத்தர் இருப்பாங்க. உங்களைக் காட்டறதுக்கு ஒரு சினிமா வேண்டாமா அம்மா?

சாயங்காலம் டப்பா வீட்டுக்கு வரும். வாங்குற கை உடனே திறக்காது. முதல்ல தூக்கிப் பாக்கும். லேசா இருந்தா அந்த முகம் ஒரு மாதிரி, கனமா இருந்தா இன்னொரு மாதிரி. கனமா வந்த டப்பாவைப் பத்தி எந்த அம்மாவும் யார்கிட்டயும் கேட்டதில்லை. அடுத்த நாள் வேற காய் வைப்பாங்க.

நடுவர் மணியை எடுத்துட்டார். எதிரணி அண்ணனுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போனா, நீங்க சொன்ன அதே சாம்பார் சட்டி அடுப்பு மேல மூடி இருக்கும். எல்லாரும் சாப்பிட்டு முடிச்சிருப்பாங்க. மூடியைத் திறந்து, கரண்டியை விட்டு அடியோட ஒரு தடவை கலக்கிப் பாருங்கண்ணே. முருங்கைக்காய் ரெண்டு துண்டு உங்களுக்குன்னு அடியில கெடக்கும்.

வணக்கம்.