மகளுக்கு பாஸ்கெட்பால் உடம்பு தாங்குமா? – சாட்ஸ்வொர்த் அக்கா கேட்ட கேள்வி

அடுத்த கேள்வி தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரம் சாட்ஸ்வொர்த்துல இருந்து ஒரு அக்கா அனுப்பியிருக்காங்க. வாசிக்கிறேன். "என் மகளுக்கு 15 வயசு. ஸ்கூல்ல நெட்பால் ஆடுறா. இந்த வருஷம் பாஸ்கெட்பால் டீம்லயும் எடுத்துட்டாங்க. பிராக்டிஸ் முடிஞ்சு வந்தா முட்டி வலிக்குதுங்கிறா. மூணு மாசமா மாசவிடாய் வரல. இப்ப வீட்டுல எல்லாரும் புரட்டாசி விரதம், அவளும் இருக்கா. பொம்பளப் பிள்ளை உடம்புக்கு இந்த ஆட்டம் ஒத்துக்காது, நிறுத்துன்னு மாமியார் சொல்றாங்க. நிறுத்திடவா?"

நிறுத்த வேண்டாம்க்கா. ஆனா டாக்டர்கிட்ட இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க. முட்டிக்காக இல்ல, மாசவிடாய்க்காக. கேள்வியில நடுவுல ஒரு வரியா சொல்லிட்டுப் போயிட்டீங்க, எனக்கு அதுதான் பெரிசா படுது.

ஒழுங்கா வந்துட்டிருந்த பிள்ளைக்கு மூணு மாசம் தொடர்ந்து நின்னா காட்டியே ஆகணும். 'விளையாடுற பிள்ளைங்களுக்கு அப்படித்தான்'னு யார் சொன்னாலும் கேக்காதீங்க. காரணம் பல இருக்கலாம், அதை டாக்டர் டெஸ்ட் எடுத்துப் பாப்பாங்க. ஆனா விளையாட்டுப் பிள்ளைங்ககிட்ட அடிக்கடி பாக்கிற காரணம் ஒண்ணு உண்டு. ஓடி ஆடி செலவாகிற அளவுக்கு சாப்பாடு உள்ள போறதில்ல. அப்ப உடம்பு உயிருக்கு அவசரமில்லாத வேலையை எல்லாம் ஒத்தி வைக்கும், அதுல மாசவிடாய் ஒண்ணு. ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன் குறையும். அது குறைஞ்சா எலும்புல பலம் ஏறாது, ஏற வேண்டிய வயசே இதுதான். அப்புறம் கால் எலும்புல மயிரிழை மாதிரி விரிசல் விழும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014லயே இதைப் பத்தி டாக்டர்களையும் கோச்சுகளையும் எச்சரிச்சிருக்கு. ஒல்லியா இருக்கிற பிள்ளைக்குத்தான் வரும்னும் நினைக்காதீங்க, பாக்க நல்லா இருக்கிற பிள்ளைக்கும் வரும்.

விரதத்தை விடுங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். நானும் புரட்டாசி வீட்டுல வளந்தவதான். கறி, மீன் இல்லாம இருக்கிறதுல ஒரு கெடுதலும் இல்ல. காலையில வெறும் வயித்தோட ஸ்கூலுக்குப் போறது, மத்தியானம் ரெண்டு துண்டு பிரெட், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் கோர்ட்டுல ஓட்டம், ராத்திரி விளக்கு வச்ச பிறகுதான் சோறு. இதுதான் உடம்பை உறிஞ்சுது. காலையில மீலி மீல், அதான் மக்காச்சோள மாவுக் கஞ்சி குடுங்க, பால் அய்ட்டம் உங்க விரதத்துல சேரும்னா அமாசி, அதான் புளிச்ச பால், ஊத்திக் குடுங்க. டிபன் பாக்ஸுல ரொட்டியும் பீன்ஸ் கறியும். பிராக்டிஸுக்கு முன்னாடி ரெண்டு வாழைப்பழம், முடிஞ்ச உடனே வேர்க்கடலை, இல்லன்னா பால். ராத்திரி பருப்பு, சோயா, கீரை. கீரை, பருப்போட எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுங்க, இரும்புச்சத்து நல்லா உடம்புல சேரும். சாப்பிட்ட கையோட டீ குடிச்சா அது சேராது, ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிக்கட்டும். டாக்டர்கிட்ட போறப்ப ரத்தத்துல ஃபெரிட்டினும் பாக்கச் சொல்லுங்க, உடம்புல இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பு இருக்குன்னு காட்டுறது அது. ஹீமோகுளோபின் சரியா இருந்தும் ஃபெரிட்டின் குறைஞ்சு பிள்ளை சோர்ந்து கிடக்கிறது ரொம்ப சகஜம்.

சரி, மாமியார் கேட்டதுக்கு வருவோம். அவங்க கவலையில அர்த்தம் இருக்கு, லேசான ஆட்டம் இல்ல இது. 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலக் கோர்ட்டு. பத்து பத்து நிமிஷமா நாலு குவார்ட்டர். ஒரே வேகத்துல யாரும் ஓடுறதில்ல. ரெண்டு மூணு நொடிக்கு ஒரு தரம் ஓட்டம் நடையாகும், நடை குதியாகும், குதிச்சவ பக்கவாட்டுல நகர்ந்து தடுப்பா. நல்ல மேட்ச்சுல இதயத் துடிப்பு உச்ச அளவுல 85 சதவீதத்துக்கு மேலயே நிறைய நேரம் நிக்கும். பொம்பளைங்க பந்து ஒரு சைஸ் சின்னது, அவ்வளவுதான். வளையம் ஆம்பளைங்களுக்கு இருக்கிற அதே 3.05 மீட்டர் உயரம். இதை ஆடித்தான் நைஜீரியா பெண்கள் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல காலிறுதி வரைக்கும் போனாங்க, ஆப்பிரிக்காவுல இருந்து ஆம்பளை டீம் கூட அதுவரை அங்க எட்டல. ஒத்துக்காத உடம்புன்னு ஒண்ணு இல்லக்கா, தயார் பண்ணாத உடம்புதான் இருக்கு.

முட்டிக்கு வரேன். குதிச்சு ஓடித் திரும்புற ஆட்டங்கள்ல, முட்டிக்குள்ள இருக்கிற ஏசிஎல்ங்கிற தசைநார் கிழியிறது பொண்ணுங்களுக்கு பசங்களை விட ரெண்டு மூணு மடங்கு அதிகம். பாதிக்கு மேல யாரும் இடிக்காமலே கிழியும், தரையில இறங்குற அந்த ஒரு நொடியில. உங்க பிள்ளை ரெண்டு ஆட்டம் ஆடுறா, அதையும் கவனிங்க. நெட்பால்ல பந்தைப் பிடிச்சு இறங்கின காலைத் தூக்கித் திரும்ப ஊனக் கூடாது, அதனால ஓடி வந்த வேகம் முழுசும் அங்கேயே நிக்கணும். அத்தனையும் முட்டிதான் வாங்கும்.

வீட்டுலயே ஒண்ணு பாருங்க. முழங்காலுக்குக் கீழ இருக்கிற மாதிரி ஒரு படிக்கட்டு, முப்பது சென்டிமீட்டர் போதும். அதுல இருந்து ரெண்டு காலையும் சேத்து இறங்கி, உடனே மேல குதிக்கச் சொல்லுங்க. முன்னாடி நின்னு போன்ல ஸ்லோ மோஷன்ல எடுங்க. இறங்குறப்ப ரெண்டு முட்டியும் உள்பக்கம் ஒண்ணை ஒண்ணு பாத்துச் சாயுதா? கால் மடங்காம விறைப்பா நிக்குதா? தொம்முன்னு சத்தம் வருதா? மூணுல எது இருந்தாலும் வேலை இருக்கு. முட்டி கால் விரலுக்கு நேரா வரணும், இடுப்பு பின்னாடி போகணும், சத்தம் கேக்கக் கூடாது. இடுப்புப் பக்கத் தசையும் தொடையோட பின்பக்கமும் பலமானா இது தானா வரும். ஸ்குவாட்னா முட்டியை மடக்கி உக்காந்து எழுறது, லஞ்ச்னா ஒரு காலை முன்னாடி வச்சு முட்டி மடக்கி இறங்குறது, அப்புறம் ஒத்தைக் கால்ல நிக்கிறது, பின்தொடைப் பயிற்சி. வாரத்துல மூணு நாள், வார்ம்அப்போட சேத்து இருபது நிமிஷம். சீசன் முழுக்க விடாம செஞ்ச டீம்கள்ல ஏசிஎல் காயம் கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சிருக்கு. கோச் செய்யலன்னா நீங்க கேளுங்க, கேக்க உங்களுக்கு உரிமை உண்டு.

இப்ப வலிக்கிறது முட்டிச் சிப்பிக்குக் கீழ, முன்பக்கமா இருந்தா பெரும்பாலும் அதிகச் சுமைதான். ரெண்டு டீம் பிராக்டிஸ், மேட்ச், பி.டி. எல்லாம் கூட்டிப் பாருங்க. வாரத்துக்கு இத்தனை மணி நேரம்ங்கிற கணக்கு பிள்ளையோட வயசைத் தாண்டக் கூடாதுன்னு பொதுவா சொல்லுவாங்க, இவளுக்கு 15. வாரத்துல ஒரு நாளாவது ரெண்டு கோச்சும் அவளைத் தொடக் கூடாது. ராத்திரி எட்டு மணி நேரத்துக்குக் குறையாம தூங்கணும்.

ஆடுறப்ப 'டப்'புனு உள்ள ஒரு சத்தம் கேட்டு, ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள முட்டி வீங்கிச்சுன்னா மட்டும் காத்திருக்காதீங்க, அன்னைக்கே காட்டுங்க. அடுத்த குவார்ட்டர் ஆடுறேன்னு அவளே அழுதாலும் விடாதீங்க. ஏசிஎல் ஆபரேஷன் ஆனா திரும்ப ஆட குறைஞ்சது ஒன்பது மாசம் ஆகும்.

அடுத்தது ஃபீனிக்ஸ்ல இருந்து, தோள்பட்டை வலி பத்தி ஒருத்தர் கேட்டிருக்கார்.