இரண்டு கீறல்களும் ஓர் இருட்டறையும்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கிடையே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, இம்மண்டபத்தை வாடகை பெறாமல் தந்துதவிய சங்க நிர்வாகிகளே, தலைமையாசிரியை அவர்களே, ராயபுரத்திலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்கு இட்ட பொன்னாடையைக் கீழே அமர்ந்திருக்கும் ஆய்வக உதவியாளர் ஐயாவுக்கே உரியதாக ஏற்றுக்கொள்கிறேன்.

குறுகிய பிளவுகளின் வழியே செல்லும் ஒளி, எதிர்ச் சுவரில் ஒளியும் இருளும் மாறி மாறி வரும் வரிகளாக விழுவது ஏன் என்பதே இன்றைய பொருள். மூன்று செய்திகளைக் குறித்து வந்திருக்கிறேன். ஒளி அலையாகப் பரவுகிறது என்பதற்கான சான்று முதலாவது. வரிகளின் இடைவெளியைக் கணக்கிடுவது இரண்டாவது. ஒளியை ஒவ்வொரு ஃபோட்டானாக, அதாவது ஒளியின் தனித்தனிப் பொட்டலமாக, அனுப்பினாலும் அதே வரிகள் உருவாகும் வியப்பு மூன்றாவது. இவற்றுக்கு முன், முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நான் சொல்லிவந்த பழமொழியை இங்கும் சொல்லிவிடுகிறேன்: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

ஒளி என்பது துகள்களின் ஓட்டம் என்று நியூட்டன் கருதியதால், அவருக்குப் பின் நூறாண்டுக் காலம் அக்கருத்தே ஓங்கியிருந்தது. லண்டனில் மருத்துவராக இருந்த தாமஸ் யங், 1803-இல் சாளரக் கதவின் சிறு துளை வழியே சூரிய ஒளியை இருட்டறைக்குள் விட்டு, அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு அகலமுள்ள அட்டைத் துண்டை அதன் குறுக்கே பிடித்தார். அட்டையின் நிழலுக்குள்ளேயே வரிகள் தெரிந்தன. ஒரு பக்கத்து ஒளியை மறைத்த உடனே அவ்வரிகள் காணாமற்போயின. இரு பக்கத்து ஒளியும் சேர்ந்தால்தான் வரி உண்டு என்பதை அந்த அட்டைத் துண்டு காட்டிவிட்டது. 1807-இல் வெளியான தம் விரிவுரைத் தொகுப்பில் இரட்டைப் பிளவையும் அவர் விளக்கினார்.

இதை நான் பாடப்புத்தகத்தில் படித்தேன். கண்ணால் கண்டதோ காசிமேட்டில். நான் அப்போது பணியாற்றிய பள்ளியில் ஆய்வகம் இருந்தது, ஆனால் அதில் மூட்டை மூட்டையாகப் பழைய விடைத்தாள்களே கிடந்தன. ஒரு நாள் மாலை, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் வீட்டில் ஐந்தாறு பிள்ளைகள் கூடியிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. இதைவிட நல்ல இருட்டறை கிடைக்காது என்று, பாரிமுனை நடைபாதையில் வாங்கிய சிவப்பு லேசர் விளக்கை எடுத்தேன். மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் ஒரு கண்ணாடிச் சில்லைக் காட்டிக் கரி பிடிக்க வைத்து, ஒரு பிளேடால் அதில் ஒரே ஒரு கோடு கீறினோம். மூன்று மீட்டர் தள்ளியிருந்த சுண்ணாம்புச் சுவரில் அகலமான சிவப்புப் பட்டை விழுந்தது. பிறகு இரண்டு பிளேடுகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து, பக்கத்திலேயே இரட்டைக் கோடு கீறினோம். பட்டை துண்டு துண்டாக வெட்டுப்பட்டு, இடையிடையே கருமை புகுந்தது. லேசரைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள் என்று பிள்ளைகளை நான் அதட்டிக்கொண்டிருந்தபோது, மீன் விற்றுத் திரும்பிய அந்தப் பெண்ணின் தாய் அன்னக்கூடையை இறக்காமலே வாசற்படியில் நின்று சுவரைப் பார்த்தார். "இன்னா சார் இது, இன்னொரு கோடு கீறுனா வெளிச்சம் கூடத்தானே செய்யணும்? இருட்டு எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகளில் எந்த மாணவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. பள்ளிக்கூடம் போகாத அந்த அம்மையாரின் வாயில் யங்கின் கேள்வியே வந்தது!

அவருக்குத் தெரிந்த கடலை வைத்தே விடை சொன்னேன். துறைமுக வாயில் நுழையும் அலை உள்ளே விசிறிபோல் விரிகிறதல்லவா? அதுபோல இரு கீறல்களிலிருந்தும் ஒளி விரிகிறது. ஒன்றின் முகடும் மற்றதன் முகடும் சேருமிடத்தில் ஒளி மிகுகிறது. ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள தூரமே அலைநீளம். இரு கீறல்களிலிருந்து வரும் பாதைகளின் நீள வேறுபாடு அரை அலைநீளமாகும் இடத்தில் முகடும், அகடு எனப்படும் பள்ளமும் சந்தித்து ஒன்றையொன்று அழிக்கின்றன. இருளில் குறைந்த ஒளி அழிந்துபோகவில்லை, பக்கத்து வரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதுவே குறுக்கீட்டு விளைவு.

கணக்கும் எளியதுதான். அலைநீளத்தைச் சுவரின் தூரத்தால் பெருக்கிப் பிளவுகளின் இடைவெளியால் வகுத்தால் வரி இடைவெளி கிடைக்கும். சிவப்பு லேசருக்கு 650 நானோமீட்டர், தூரம் 3 மீட்டர், கீறல்களுக்கிடையே 0.1 மில்லிமீட்டர் எனக் கொண்டால் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் வருகிறது. அளவுகோல் ஒன்று இருந்தால் ஒளியின் அலைநீளத்தையே அளந்துவிடலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நான் சொல்வது இதனால்தான்.

1906-இல், இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் மெரினாக் கரையிலுள்ள மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்த சி. வி. ராமன், செவ்வகத் துளை உண்டாக்கும் சமச்சீரற்ற விளிம்பு விளைவு வரிகளை, அதாவது ஒளி துளையின் விளிம்பில் வளைந்து விரிவதால் தோன்றும் வரிகளைப் பற்றித் தம் முதல் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். கருவியும் இருட்டும் கிடைத்த மாணவர் அவர். வடசென்னைப் பிள்ளைகளுக்கு அவை வேண்டாமா? கிளை நூலகம் ஒவ்வொன்றின் அருகிலும், நான்கு மீட்டர் நீளமும் கறுப்புத் திரையும் ஒரு வெள்ளைச் சுவரும் கொண்ட இருட்டறை ஒன்று மாலை நேரங்களில் திறந்திருக்க வேண்டும் என்று சென்ற ஆண்டிலிருந்து கேட்டு வருகிறோம். மாமன்ற உறுப்பினர் அவர்கள் இதைக் கூட்டத்தில் எழுப்ப வேண்டும் என்று இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது செய்திக்கு நேரம் இடம் தரவில்லை, ஆங்கில இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் 1909-இல் மிக மங்கிய ஒளியில் செய்த சோதனையிலிருந்து அதை இன்னொரு நாள் தொடங்குவோம். இருட்டறை கேட்கும் மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. கையெழுத்திட்ட பிறகு வலப்பக்க அறைக்கு வாருங்கள். கரி பிடித்த கண்ணாடிச் சில்லும் இரண்டு பிளேடுகளும் அங்கே தயாராக இருக்கின்றன.