அட் குறிக்குப் பின்னால் யார் பெயர்?

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் மின்னஞ்சல் முகவரியை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். நடுவில் அட் என்று ஒரு குறி வருகிறதல்லவா? 1971-இல் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர், ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்டத் தேர்ந்தெடுத்த குறி அது. அதற்கு முன்னால் இருப்பது உங்கள் பெயர். பின்னால்? பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர். அந்தப் பின்பாதியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பல வருடம் நான் வைத்திருந்த முகவரி, வீட்டு இணைய இணைப்போடு இலவசமாக வந்தது. இணைப்பு மெதுவாக இருக்கிறதே என்று ஒருநாள் வேறு நிறுவனத்துக்கு மாறினேன். வேகம் கூடியது, சந்தோஷம். இரண்டு மாதம் கழித்து வங்கிக் கணக்கின் பாஸ்வேர்ட் மறந்துபோனது. மறந்துவிட்டேன் என்ற பொத்தானை அழுத்தினேன். ‘உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறோம்’ என்று திரையில் வந்தது. எந்த மின்னஞ்சல்? மூடிப்போன அந்தப் பழைய முகவரி! சரி, முகவரியை மாற்றிவிடலாம் என்று போனால், மாற்றுவதற்கான குறியீடும் அங்கேதான் போகிறது. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய மாதிரி. பழைய நிறுவனத்துக்குப் போன் போட்டேன். “நீங்க இப்ப எங்க வாடிக்கையாளர் இல்லையே சார்” என்றார் எதிர்முனையில் ஒரு பெண், ரொம்பப் பணிவாக. அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்த முகவரி ஒருநாளும் என்னுடையதாக இருந்ததில்லை.

அதனால்தான் யார் கேட்டாலும் சொல்கிறேன்: முதலில் ஒரு டொமைன், அதாவது அட் குறிக்குப் பின்னால் வைக்க உங்களுக்கென்று ஒரு பெயர், வாங்குங்கள், மெயில் சேவையை அப்புறம் பார்க்கலாம். டொமைனும் வருடாவருடம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டியதுதான், ஆனால் கூடவே எடுத்துக்கொண்டு போகலாம். அதன் அமைப்புகளில் எம்எக்ஸ் என்று ஒரு வரி உண்டு. இந்தப் பெயருக்கு வரும் கடிதங்களை எந்த சர்வரில் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் வரி அது. சேவை பிடிக்கவில்லையா? அந்த வரியை மாற்றினால் போதும். உங்களுக்கு எழுதுகிறவர்களுக்கு எதுவும் தெரியவே தெரியாது. லாவாபிட் என்ற மெயில் சேவை 2013 ஆகஸ்டில், அமெரிக்க அரசின் நெருக்குதலுக்குப் பிறகு, திடீரென்று மூடப்பட்டது. அதன் பெயரிலேயே முகவரி வைத்திருந்தவர்கள் திண்டாடியிருப்பார்கள். சொந்த டொமைன் வைத்திருந்தவருக்கு எம்எக்ஸை மாற்றுகிற வேலைதான். பழைய கடிதங்கள் வேறு விஷயம், அவற்றுக்கு நகல் வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு சுகமும் உண்டு. ஒவ்வொரு கடைக்கும் வேறு வேறு முகவரி கொடுக்கலாம், அட் குறிக்கு முன்னால் அந்தக் கடையின் பெயரையே வைத்து. எந்த முகவரிக்குக் குப்பை மெயில் வருகிறதோ, அந்தக் கடைதான் கசியவிட்டது. போனில் சொல்லும்போதுதான் சங்கடம். “நீங்க எங்க கம்பெனியிலேயே வேலை பார்க்கிறீங்களா?” என்று கேட்பார்கள்.

இனி சேவை. சுவிட்சர்லாந்தின் புரோட்டான், ஜெர்மனியின் டூட்டா இரண்டும் உங்கள் கடிதங்களை அவர்களே படிக்க முடியாதபடி பூட்டி வைக்கிறவை. ஆஸ்திரேலியாவின் ஃபாஸ்ட்மெயில் அப்படிப் பூட்டுவதில்லை, ஆனால் விளம்பரம் கிடையாது, எந்த மெயில் செயலியிலும் வேலை செய்யும். டூட்டாவுக்கு அதன் சொந்தச் செயலிதான். எங்கே போனாலும் சொந்த டொமைனை இணைக்கப் பெரும்பாலும் கட்டணத் திட்டம் எடுக்க வேண்டும். பூட்டு என்றதும் மயங்கிவிடாதீர்கள். நீங்கள் சாதாரண முகவரி ஒன்றுக்கு எழுதினால், அதன் பிரதி அங்கே சாதாரணமாகத்தான் கிடக்கும். இரண்டு முனையிலும் பூட்டு இருந்தால்தான் அது பூட்டு. புரோட்டானில் கடிதத்தின் தலைப்பு வரி அந்தப் பூட்டுக்குள் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று விரல் காட்டுகிறார்கள். மூன்று நிமிடம்தான். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று பதிவுகளை விரிவாகச் சொல்லலாம் என்று குறிப்பு எழுதி வந்தேன். முடியாது. உங்கள் பெயரில் வேறு யாரோ அனுப்பவில்லை என்று எதிர்முனை சர்வர் சரிபார்க்க உதவுபவை அவை. சேவைக்காரர் தரும் வரிகளை எழுத்துப் பிசகாமல் டொமைன் அமைப்பில் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கடிதம் ஸ்பாமுக்குள் போய் உட்காரும்.

இதை மட்டும் விடமாட்டேன். டொமைன் பதிவு செய்த இடத்தில், அதே டொமைனில் உள்ள முகவரியைக் கொடுக்காதீர்கள். தவணை தவறி டொமைன் முடங்கினால், ‘புதுப்பியுங்கள்’ என்ற கடிதமும் முடங்கிய முகவரிக்கே வரும். கடைசியில் அந்தப் பெயரை வேறொருவர் வாங்கினால், உங்கள் வங்கி அனுப்பும் கடிதங்கள் அவருடைய இன்பாக்ஸுக்குப் போகும். இன்று வீட்டுக்குப் போனதும் தானாகப் புதுப்பிக்கும் வசதி போடப்பட்டிருக்கிறதா, அதில் கொடுத்த அட்டை காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். விளக்கு சிவப்பாகிவிட்டது. வணக்கம்.