சிலம்பு ஏந்திய தெரு

நடுவர் அவர்களுக்கும் அவையில் கூடியிருக்கும் மதுரைப் பெருமக்களுக்கும் வணக்கம். நிறவெறிக்கும் காவல்துறை அத்துமீறலுக்கும் முடிவு கட்டுவது நீதிமன்றமா, மக்கள் போராட்டமா என்ற தலைப்பில், மக்கள் போராட்டமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், கண்ணகிகூட வழக்குரைக்க அரசவைக்குத்தான் போனாள், மறியல் செய்யவில்லை என்று சொல்லிக் கைத்தட்டல் வாங்கினார். அவர் சொன்னது பாதிக் கதை. அரண்மனை வாயிலை அடைவதற்கு முன்பு, ஒற்றைச் சிலம்பைக் கையில் ஏந்தி அவள் இந்த ஊர்த் தெருக்களில் நடந்தாள். ஊரே பார்த்துக் கலங்கிய பிறகுதான் வாயிற்காவலன் உள்ளே போய்ச் செய்தி சொன்னான்.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்துக்கு வருகிறேன். 2020 மே 25 அன்று, 20 டாலர் கள்ள நோட்டுக் கொடுத்தார் என்ற புகாரின் பேரில் பிடிக்கப்பட்ட ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவரைத் தரையில் குப்புறக் கிடத்தி, டெரெக் சாவின் என்ற காவலர் 9 நிமிடம் 29 விநாடி அவர் கழுத்தில் முழங்காலை ஊன்றியிருந்தார். காவல்துறை வெளியிட்ட முதல் அறிக்கையில் அந்த முழங்கால் இல்லை. கைது செய்யும்போது அவருக்கு உடல்நலம் குன்றியது என்ற அளவில் முடித்துக்கொண்டார்கள். நடைபாதையில் நின்ற 17 வயதுப் பெண் தன் செல்பேசியில் எடுத்த படம்தான் அந்த அறிக்கையைப் பொய்யாக்கியது. மறுநாளே தெருக்கள் நிறைந்தன, 29 அன்று சாவின் கைதானார். முதலில் மூன்றாம் நிலைக் கொலை என்று இருந்த குற்றச்சாட்டு, கூட்டம் கலையாமல் நின்ற அந்த நாள்களில், ஜூன் 3 அன்று அதைவிடக் கடுமையான இரண்டாம் நிலைக்கு உயர்ந்தது. உடனிருந்த மூன்று காவலர்கள் மீதும் வழக்குப் பாய்ந்தது. 2021-இல் இருபத்திரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது நீதிமன்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் வழக்கை அதன் வாசல்வரை சுமந்து சென்ற தோள்கள் எவருடையவை?

படம் இருந்தால் போதும், கூட்டம் எதற்கு என்பார்கள். 2014-இல் நியூயார்க்கில் எரிக் கார்னர் கழுத்து நெரிக்கப்பட்டபோதும் படம் இருந்தது. அந்தக் காவலர் மீது குற்றவழக்கே தொடரப்படவில்லை. அப்போதும் மக்கள் போராடினார்கள், அவர் வேலையை இழப்பதற்கே 5 ஆண்டுகள் ஆயின. தெருவுக்கு வந்தால் உடனே நியாயம் கிடைத்துவிடும் என்று சொல்லுமளவுக்கு நான் அப்பாவி அல்ல.

மே 28 அன்று மினியாபொலிஸில் ஒரு காவல் நிலையம் கொளுத்தப்பட்டதை எதிரணியினர் எடுத்துக்காட்டினார்கள். கொளுத்தியது குற்றம், அதற்காகச் சிலர் சிறைக்கும் போனார்கள். ஆனால் மதுரை எரிந்த கதையைச் சொல்பவர், விசாரிக்காமல் கொன்ற பாண்டியனின் ஆணையை விட்டுவிட்டுச் சொல்லலாமா?

சட்டம் காக்கும் என்கிறார்கள். உசிலம்பட்டிப் பக்கத்தில் கைரேகைச் சட்டம் என்று நாம் சொல்லும் குற்றப்பரம்பரைச் சட்டமும் முறையாக இயற்றப்பட்டு ஏட்டில் இருந்த சட்டம்தான். சில சாதிகளில் பிறந்தாலே குற்றவாளி என்று பட்டியலிட்டு, ஆண்களிடம் கைரேகை வாங்கி, இரவில் காவல் நிலையத்தில் படுக்க வைத்த சட்டம் அது. அங்கே நிறம், இங்கே பிறப்பு. எங்கள் அப்பத்தா தன் கல்யாண நாளைப் பற்றிச் சொல்லும்போது பந்தியைப் பற்றிச் சொல்ல மாட்டார். பொழுது சாய்ந்ததும் மாப்பிள்ளையான தாத்தா, ஒரு துப்பட்டியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காவல் நிலையத்தில் படுக்கப் போனதைத்தான் சொல்வார். அந்தச் சட்டப்படி ரேகை வைக்க மறுத்துத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் மக்கள் திரண்டார்கள். காவல்துறை சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது 1947-இல். இடைப்பட்ட 27 ஆண்டுகளும் நீதிமன்றங்கள் திறந்துதான் இருந்தன.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் ஒன்றுக்கு மட்டும் விடை சொல்லட்டும்: அந்தப் பெண் படம் எடுக்காமல், ஊர் தெருவுக்கு வராமல், காவல்துறையின் முதல் அறிக்கை மட்டுமே இருந்திருந்தால், நீதிபதியின் மேசைக்கு எந்த வழக்கு போயிருக்கும்?